சாட்சிக் கூண்டில் ரத்தம்

2005 அக்டோபரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில், மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏறினார். லீஹை பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், கத்தோலிக்கர். மூன்று நாள் நீண்ட அவருடைய சாட்சியத்தில் அடிபட்ட விஷயங்களுள் ஒன்று, வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் எப்படி உறைகிறது என்பது. அந்த ஏற்பாட்டின் பின்னால் திட்டமிட்டுச் செய்த ஓர் அறிவு இருந்தே ஆக வேண்டும் என்பது பீஹியின் கட்சி.

வழக்கு, டோவர் என்ற சிற்றூரின் பள்ளிகளைப் பற்றியது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற மாற்று விளக்கமும் உண்டு என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்படி 2004இல் பள்ளி வாரியம் முடிவெடுத்தது. மேலும் படிக்க விரும்புவோருக்காக ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற புத்தகத்தைப் பள்ளியில் வைத்தார்கள். அதன் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் ரத்த உறைதல் பற்றிய பகுதியை எழுதியவர் பீஹி. அரசுப் பள்ளிக்குள் மதத்தைக் கொண்டுவருவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று பெற்றோர் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தார்கள்.

சட்டப் பிரச்சினை அமெரிக்கர்களுடையது. அதன் அடியில் இருந்த கேள்வி எல்லோருக்கும் பொது: உடலின் நுட்பத்தைக் காட்டிப் படைத்தவனை நிறுவ முடியுமா?

பீஹியின் வாதம் பலருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ரத்தம் உறைவதைக் கூர்ந்து பார்க்கிற எவரும் ஒரு கணம் மலைத்துத்தான் போவார்கள்.

வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் இறங்கிவிடுகிறது என்று கொள்வோம். வெட்டுப்பட்ட குழாய் முதலில் சுருங்கிக்கொள்கிறது. குழாய்ச் சுவருக்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் நார்கள் வெளியே தெரிகின்றன. ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அந்த நார்களில் போய் ஒட்டிக்கொண்டு, ஓடும் ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. டெங்கு காய்ச்சல் வந்த வீடுகளில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘பிளேட்லெட்’ இவைதான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழு முதல் பத்து நாள். பிடிபட்ட தட்டணு வட்ட வடிவத்தை விட்டு முள்முள்ளாக விரிகிறது. தன்னுள் இருந்த பொருள்களைக் கொட்டி மற்ற தட்டணுக்களை அழைக்கிறது. காயத்தின் வாயில் ஒரு தற்காலிக அடைப்பு விழுகிறது.

அந்த அடைப்பு மட்டும் நிலைக்காது; அதை இறுக்கிக் கட்ட நார் வேண்டும். ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள செல்களின் மேல் திசுக் காரணி என்ற புரதம் எப்போதும் இருக்கிறது. குழாய் முழுதாக இருக்கும்வரை ரத்தம் அதைப் பார்ப்பதே இல்லை. வெட்டு விழுந்ததும் ரத்தத்திலுள்ள ஏழாம் காரணி என்ற புரதம் அதைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்புதான் தொடக்கம். ஏழாம் காரணி பத்தாம் காரணியைத் தூண்டுகிறது. பத்தாம் காரணி, ஐந்தாம் காரணியின் துணையோடு புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பின் ஆக்குகிறது. த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனின் முனைகளை நறுக்கி ஃபைப்ரின் ஆக்குகிறது. ஃபைப்ரின் இழைகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகின்றன. பதின்மூன்றாம் காரணி வந்து இழைகளுக்கிடையே முடிச்சுப் போடுகிறது. இதற்குள் த்ராம்பின் பின்னோக்கிப் போய், தன்னை உண்டாக்கிய ஐந்து, எட்டு, பதினொன்று ஆகிய காரணிகளையே மேலும் தூண்டிவிட்டு, தன் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்கிறது. இந்தக் காரணிகளில் நான்கைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். கீரையில் நிறைய இருப்பது.

இவ்வளவு வேகமான வேலையை நிறுத்துவது எப்படி? விரலில் தொடங்கிய உறைதல் கை, தோள், இதயம் என்று பரவாமல் இருப்பது எப்படி? வியப்பின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. த்ராம்பின் காயத்தை விட்டு நகர்ந்து, சேதமடையாத குழாய்ச் சுவரைத் தொட்டால், அங்குள்ள த்ராம்போமாடுலின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் த்ராம்பினின் குணமே மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அது ஃபைப்ரினோஜனைச் சீண்டுவதில்லை. புரதம் சி என்ற ஒன்றைத் தூண்டுகிறது. புரதம் சி போய் ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. காயத்தில் உறைய வைத்த அதே மூலக்கூறு, காயமில்லாத இடத்தில் உறைதலைத் தடுக்கிறது. ரத்தத்தில் சுற்றும் ஆன்டித்ராம்பின், வழிதவறிய த்ராம்பினையும் பத்தாம் காரணியையும் பிடித்து முடக்குகிறது. கட்டி உருவாகும்போதே அதனுள் பிளாஸ்மினோஜன் என்ற புரதமும் சேர்ந்து பின்னப்படுகிறது. காயம் ஆறும் சமயத்தில் அது பிளாஸ்மினாக மாறி, ஃபைப்ரின் வலையை உள்ளிருந்தே அறுத்துக் கரைக்கிறது. கட்டியைக் கரைக்க வேண்டிய சரக்கு, கட்டி பிறக்கும்போதே அதற்குள் வைக்கப்பட்டுவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, யாரோ யோசித்துச் செய்ததுபோல் இருக்கிறதே என்று ஒருவர் கைகூப்பினால் அவரைக் குறை சொல்ல இடமில்லை. அந்த வியப்பு நேர்மையானது.

பீஹி வியப்போடு நிற்கவில்லை. 1996இல் வெளிவந்த ‘டார்வின்ஸ் பிளாக் பாக்ஸ்’ என்ற நூலில் அதை ஒரு நிரூபணமாக ஆக்கினார். பல பாகங்கள் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பில் எந்த ஒரு பாகத்தை எடுத்தாலும் மொத்தமும் நின்றுபோகும் என்றால், அந்த அமைப்பு சிறுகச் சிறுகப் பரிணமித்திருக்க முடியாது. பாதி கட்டிய நிலையில் அதனால் பயனில்லை, பயனில்லாததை இயற்கைத் தேர்வு பாதுகாத்து வைக்காது. எலிப்பொறியை உதாரணம் காட்டினார். ரத்த உறைதலுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அந்த வடிவமைப்பாளர் யார் என்பதை அறிவியல் சொல்லாது என்றார். வாசித்தவர்கள் பெரும்பாலும் கடவுள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நிரூபணத்தைச் சோதிக்க நல்ல இடம் ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளியின் ரத்தம். 1950களில் கிளீவ்லாந்து நகரில், அறுவை சிகிச்சைக்கு முந்தைய வழக்கமான பரிசோதனைக்காக அவரிடம் ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் ஊற்றிய ரத்தம் உறைய வேண்டிய நேரத்தில் உறையவில்லை. ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம்போலத் தண்ணீராகவே கிடந்தது. ஆனால் அவருக்கு ரத்தம் நிற்காமல் ஒழுகிய வரலாறே இல்லை. ஆஸ்கர் ராட்னாஃப் என்ற மருத்துவர் தேடிப் பார்த்ததில், அதுவரை யாரும் அறியாத ஒரு காரணி அவர் ரத்தத்தில் இல்லை என்று தெரிந்தது. 1955இல் அது பதிவானது. இன்று அதற்குப் பன்னிரண்டாம் காரணி என்று பெயர். ஹேக்மன் காரணி என்றும் சொல்வார்கள்.

1964இல் ராட்னாஃபும் ஏர்ல் டேவியும் சேர்ந்து, காரணிகள் ஒன்றையொன்று தூண்டும் வரிசையை அருவிபோல் வரைந்து காட்டினார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் மக்ஃபார்லேன் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். இரண்டு படங்களிலும் உச்சியில் இருந்தது பன்னிரண்டாம் காரணி. அது இல்லாமலேயே ஒருவர் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டு நலமாக இருந்தார் என்பது அப்போதும் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும் காரணி அது. உடலுக்குள் கண்ணாடி கிடையாது. அங்கே தொடக்கம் திசுக் காரணியிடம் இருக்கிறது. ரத்தம் உறையாத குறையுள்ளவர் என்று பெயர் வாங்கிய ஹேக்மன் 1968இல் இறந்தார். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது.

ஹேக்மனின் குறை ஒரு குடும்பத்துக் குறை. டால்ஃபின்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் அது இனத்தின் இயல்பு. அவற்றின் ரத்தத்தில் பன்னிரண்டாம் காரணி இல்லை என்று 1969இல் கண்டார்கள். பின்னாளில் திமிங்கிலத்தின் மரபணுத் தொகுப்பைத் தேடியபோது, அந்தக் காரணிக்கான மரபணு சிதைந்து வேலை செய்யாத நிலையில் கிடந்தது. முன்னோரிடம் இருந்ததை இழந்துவிட்டு, கடலில் அடிபட்டும் கடிபட்டும் அவை வாழ்கின்றன.

கலிஃபோர்னியாவில் ரசல் டூலிட்டில் என்ற உயிர்வேதியியலாளர் இந்த ஒப்பீட்டையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். நம் ரத்தக் காரணிகள் பல ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்தது. புரோத்ராம்பின், ஏழு, ஒன்பது, பத்து, புரதம் சி எல்லாமே வெட்டும் புரதங்கள். குடலில் உணவுப் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினின் குடும்பம். ஐந்தும் எட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தவைபோல் இருக்கின்றன. ஒரு மரபணு தவறுதலாக இரண்டு பிரதி எடுக்கப்பட்டு, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது மெல்லப் புது வேலைக்கு நகர்ந்தால் இப்படித்தான் உறவுச் சாயல் மிஞ்சும். அது உண்மையென்றால், நம்மிடமிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்த உயிர்களிடம் குறைவான காரணிகள்தான் இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். ஜப்பானியப் பேத்தை மீனின் மரபணுத் தொகுப்பு 2002இல் வெளியானது. அடுத்த ஆண்டு டூலிட்டிலும் அவருடன் வேலை செய்தவரும் அதில் தேடினார்கள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் அதில் இல்லை. தாடையே இல்லாத லாம்ப்ரே என்ற மிகப் பழைய மீனினத்தை 2008இல் ஆராய்ந்தபோது, ஒன்பதும் இல்லை. ஐந்தும் எட்டும் தனித்தனியாகப் பிரியவும் இல்லை என்று தெரிந்தது. லாம்ப்ரேயின் ரத்தம் நன்றாகவே உறைகிறது.

டூலிட்டில் ஓர் இடத்தில் சறுக்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மினோஜன் இல்லாத எலிக்கு உடலெங்கும் கட்டிகள். ஃபைப்ரினோஜனையும் சேர்த்து நீக்கினால் அந்தத் தொல்லை தீர்கிறது என்று 1996இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டும் இல்லாத எலிகள் ஏறக்குறைய சாதாரணமாக இருக்கின்றன என்று டூலிட்டில் அதைப் படித்துவிட்டு எழுதினார். பீஹி அந்த ஆய்வைத் திறந்து காட்டினார்: அந்த எலிகளுக்கு ரத்தம் உறையவே இல்லை, ரத்தக் கசிவு இருந்தது, சினையுற்ற பெண் எலிகள் செத்துப்போயின. அந்த வாக்குவாதத்தில் சரியாகப் படித்தவர் பீஹி. பேத்தை மீன் விஷயத்திலும் அவருக்கு ஒரு பதில் இருந்தது. பன்னிரண்டு, பதினொன்று இருக்கும் பாதையை நூலிலேயே விலக்கிவைத்துவிட்டு, ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின், ஐந்து, பத்து ஆகிய நான்கைப் பற்றியே தன் வாதம் என்று எழுதியிருந்தார். முதுகெலும்புள்ள எந்த உயிரிடமும் இந்த நான்கின் வேலையைச் செய்யும் புரதங்கள் இருக்கவே செய்கின்றன.

ஆனால் அவருடைய வாதத்தின் ஆதாரக் கல்லே ஆடுகிறது. இன்று இல்லாமல் முடியாத ஒன்று என்றைக்குமே இல்லாமல் முடியாததாக இருந்தது என்று அவர் எடுத்துக்கொள்கிறார். மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1918இலேயே இதற்கு நேர்மாறாக யோசித்திருக்கிறார். முதலில் வெறும் உதவியாக வந்து சேர்கிற பாகம், மற்றவை அதைச் சார்ந்து மாறிய பிறகு, தவிர்க்க முடியாததாகிவிடும். பரிணாமம் நடந்தால் பின்னிப் பிணைந்த அமைப்புகள் உருவாவதுதான் இயல்பு என்றார். பீஹி எதைப் பரிணாமத்தால் முடியாதது என்றாரோ, அதைப் பரிணாமத்தின் விளைவாக எதிர்பார்த்த ஒருவர் அவருக்கு 78 ஆண்டு முன்பே இருந்தார். நண்டும் சிங்கி இறாலும் ரத்தம் உறைய வைக்க ஃபைப்ரினோஜனைத் தொடுவதே இல்லை. முட்டைக் கருவுக்குச் சத்துத் தரும் புரதத்தின் உறவுக்காரப் புரதம் ஒன்றை முடிச்சுப் போட்டே அவை காயத்தை அடைத்துக்கொள்கின்றன.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர் அவர், குடியரசுக் கட்சிக்காரர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, மதக் கருத்தின் மறுவடிவம், அதைப் பள்ளியில் சொல்ல வைத்தது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். அதற்குமுன் நவம்பர் தேர்தலிலேயே டோவர் மக்கள், அந்த முடிவை ஆதரித்து நின்ற வாரிய உறுப்பினர்களைத் தோற்கடித்துவிட்டார்கள்.

தீர்ப்பைவிட முக்கியமான ஒன்று பலர் கவனத்துக்கு வராமல் போனது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி, பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர். டால்ஃபினையும் பேத்தை மீனையும் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தவர் அவர்தான். அவரும் பீஹியைப்போலவே கத்தோலிக்கர். ஒரே திருச்சபையைச் சேர்ந்த இருவர், ஒரே ரத்தத்தை முன்னால் வைத்துக்கொண்டு எதிரெதிராகச் சாட்சி சொன்னார்கள். ஆகவே டோவர் வழக்கை விசுவாசிகளுக்கும் நாத்திகர்களுக்கும் நடந்த மோதலாகப் பார்ப்பது தவறு. கடவுளை எங்கே தேடுவது என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே நடந்த விவாதம் அது. அறிவியல் இன்னும் விளக்காத மூலையில் கடவுளை வைத்தால், ஒவ்வொரு மீனின் மரபணுத் தொகுப்பு வெளிவரும்போதும் அவருக்கு இடம் குறைந்துகொண்டே போகும் என்பது மில்லர் போன்றவர்களின் கவலை. ஹிட்லரின் சிறையில் இருந்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1944இல் ஒரு கடிதத்தில் இதையே எழுதினார்: நம் அறிவின் குறையை நிரப்பும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தக் கூடாது, அறிந்ததில்தான் அவரைக் காண வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இந்த விவாதம் நம் மண்ணுக்கும் பழையது. உலகம் ஒரு காரியம்; காரியம் என்றால் கர்த்தா உண்டு; பானைக்குக் குயவன்போல் உலகுக்கு ஈசுவரன் என்று நியாய மரபினர் வாதிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஸ்ரீபாஷ்யத்தில் பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு உரை எழுதும் இடத்தில், இந்த அனுமானத்தை எடுத்து நிறுத்தித் தாட்சண்யமில்லாமல் உடைக்கிறார். மலையும் கடலும் காரியங்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் ஒரே காலத்தில் ஒரே கர்த்தா செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? வெவ்வேறு காரியங்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்வதைத்தானே உலகில் பார்க்கிறோம்? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோருக்கும் உடல் உண்டே, அதையும் ஈசுவரனுக்கு ஏற்றுவதா? கப்பலைப் பலர் சேர்ந்து கட்டுவதைக் காட்டி டேவிட் ஹியூம் இதே வகைக் கேள்வியை எழுப்பிய நூல் 1779இல் அச்சானது. இராமானுசர் அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கு மேல் மூத்தவர். ஹியூமுக்கு ஐயம் இருந்தது; இராமானுசருக்கு நாராயணனிடத்தில் துளி ஐயமும் கிடையாது. பிரம்மம் சாஸ்திரத்தால் மட்டுமே அறியப்படுவது, அனுமானத்தால் எட்டக்கூடியது அல்ல என்று நிலைநாட்டவே அந்த வாதத்தை அவர் உடைத்தார். இராமானுசருக்கு மரபணு தெரிந்திருந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் காட்டுவது வேறு: பக்தி ஆழமாக இருப்பவருக்கு இந்த வகை நிரூபணத்தின் தேவையே இருப்பதில்லை.

சைவ சித்தாந்தியான மெய்கண்டார் மறுபக்கம் நிற்கிறார். அவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதம், தோன்றி நின்று மறைகிற உலகத்திலிருந்து அதை ஒடுக்கித் தோற்றுவிக்கும் முதல்வனை முதல் சூத்திரத்திலேயே உய்த்துணர்கிறது. ஆனால் அந்த வாதம் எந்த ஓர் உறுப்பின் சிக்கலையும் நம்பி நிற்பதில்லை. இருப்பது எல்லாமே தோன்றி மறைகிறது என்ற பொது உண்மையிலிருந்து அது புறப்படுகிறது. லாம்ப்ரேயின் ரத்தத்தில் ஒன்பதாம் காரணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. பீஹியின் வாதம் அப்படியல்ல. அது ஓர் ஆய்வுக்கூடத்தின் அடுத்த கட்டுரையை நம்பிப் பிழைக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து, டோவர் தீர்ப்பு சைவ சித்தாந்தத்தையும் தோற்கடித்துவிட்டது என்று பேசுவது பிழை. சைவ சித்தாந்தத்துக்கு பீஹி புதிய ஆதாரம் தந்துவிட்டார் என்று மகிழ்வதும் அதே பிழைதான்.

வடிவமைப்பு வாதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ரத்தம் சரியாக உறைவதை வடிவமைப்பாளர் கணக்கில் வரவு வைத்தால், உறையாமல் போவதை எங்கே எழுதுவது?

ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னனின் மகன் அலெக்ஸி 1904இல் பிறந்தான். விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் பெண்கள் வழியாக வந்த ஹீமோஃபிலியா அவனுக்கு இருந்தது. 1912இல், எட்டு வயதில், போலந்தின் ஸ்பாலா என்ற வேட்டை மாளிகையில் தொடைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கி, பல நாள் வலியில் அலறிக் கிடந்தான். அந்திமச் சடங்குகூட செய்துவிட்டார்கள். தாய் அலெக்ஸாண்ட்ரா, ரஸ்புடின் என்ற சாமியாருக்குத் தந்தி அடிக்கச் சொன்னாள். பையன் பிழைப்பான், வைத்தியர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பதில் வந்தது. பையன் பிழைத்தான். அந்தத் தாயின் மனத்தில் ரஸ்புடினுக்கு விழுந்த இடமும், அதனால் அரண்மனைக்கு வந்த கேடும் ஊரறிந்த கதை. 2009இல் அந்தக் குடும்பத்தின் எலும்புகளில் மீந்திருந்த டிஎன்ஏவைப் படித்தபோது, ஒன்பதாம் காரணியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது தெரிந்தது.

எதிர்ப்பக்கத்துக் குறையும் உண்டு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994இல் கண்டுபிடித்ததால் ‘ஐந்தாம் காரணி லைடன்’ என்று பெயர் பெற்ற மாற்றம் அது. இதிலும் ஒரே எழுத்துதான். புரதம் சி வெட்ட வேண்டிய இடம் மாறிப்போவதால் ஐந்தாம் காரணி எளிதில் அடங்குவதில்லை; கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி, நுரையீரலுக்குப் போகும் அபாயம் கூடுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேரிடம் இது இருக்கிறது.

ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஒரு திட்டத்தைக் காட்டுகிறவர், ஒவ்வொரு கேட்டுக்கும் அதே திட்டத்தைக் காட்ட வேண்டி வரும். பீஹி இதிலிருந்து நழுவவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2007இல் எழுதிய அடுத்த நூலில், மலேரியாக் கிருமியும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டதுதான் என்ற முடிவை அவர் ஒப்புக்கொண்டார். தர்க்கத்தில் அது நேர்மை. ஆனால் காய்ச்சலில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தால், அது எந்தக் கடவுளின் புகழ் என்று கேட்கத் தோன்றும்.

மதம் ரத்தத்தை வேறு விதமாகவும் எதிர்கொண்டிருக்கிறது. யூதர்கள் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் சுன்னத் செய்கிறார்கள். ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கையின் அடையாளம் அது, யூத மதத்தில் இதைவிடக் கனமான கட்டளைகள் குறைவு. கலிலேயாவின் செப்போரிஸ் நகரில் நடந்ததாகத் தால்முத் என்ற யூதச் சட்ட நூல் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறது. நான்கு சகோதரிகள். முதல் மூவரின் குழந்தைகளும் ஒவ்வொருவராகச் சுன்னத் செய்தபின் இறந்துபோனார்கள். நான்காமவள் தன் மகனை ரபி சிமியோன் பென் கமாலியேலிடம் கொண்டுவந்தாள். இவனுக்குச் செய்ய வேண்டாம் என்று அவர் சொன்னார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு அது. த்ராம்பின் தெரியாது, மரபணு தெரியாது. ஆனால் இறந்தவை ஒரே தாயின் பிள்ளைகள்கூட இல்லை, சகோதரிகளின் பிள்ளைகள். குறை தாய்வழியில் வருகிறது என்று கவனித்திருக்கிறார்கள். ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் இரண்டு பேர் இறந்ததுமே மூன்றாமவனை விட்டுவிட வேண்டும் என்பாரும், மூன்று பேர்வரை பார்க்க வேண்டும் என்பாரும் இருந்தார்கள். மருத்துவ உலகத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் கான்ராட் ஓட்டோ, பெண்கள் நோயில்லாமல் இருந்தபடியே ஆண் பிள்ளைகளுக்கு ரத்தப்போக்கைக் கடத்துகிறார்கள் என்று எழுதியது 1803இல்.

தானே மருத்துவரான மைமோனிடிஸ், 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்டத்தைத் தொகுத்தபோது இதை விதியாகவே எழுதினார். பிள்ளைகள் முதல் கணவனுக்குப் பிறந்தவர்களா, இரண்டாம் கணவனுக்குப் பிறந்தவர்களா என்ற வேறுபாடு இதில் இல்லை என்றும் சேர்த்தார், தாய் ஒருத்திதானே. உயிருக்கு ஆபத்து என்றால் மற்ற எல்லாக் கட்டளைகளும் பின்னால் போகும், சுன்னத்தைப் பிறகு செய்துகொள்ளலாம், போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பது அவர் தந்த காரணம். கடவுளின் உடன்படிக்கையையே ஒத்திவைக்கத் துணிந்தவர்கள், குழந்தை ஏன் அப்படிப் படைக்கப்பட்டது என்பதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. இறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கைச் சட்டத்துக்குள் ஏற்றினார்கள்.

இன்று ஹீமோஃபிலியா உள்ள யூதக் குழந்தைக்கு, குறைந்துபோன எட்டாம் காரணியையோ ஒன்பதாம் காரணியையோ ஊசி வழியே ஏற்றிய பிறகு, ரத்தவியல் மருத்துவரின் மேற்பார்வையில் சுன்னத் செய்ய முடிகிறது. வெட்டிய இடத்தில் ஃபைப்ரின் பசை தடவி ரத்தத்தை நிறுத்துகிறார்கள். ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் சேர்ந்து செய்த பசை அது. மருத்துவர் இன்னும் கூடாது என்றால் எட்டாம் நாள் கடந்துபோகிறது, சடங்கு காத்திருக்கிறது.